படகு மட்டும் போதுமா?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

காஞ்சிபுரத்தில் கோயில் உண்டு, பட்டு உண்டு, ஏரி உண்டு, கடல் இல்லை. ஆகவே கடற்கரை மக்களைப் பற்றி நாங்கள் எழுதப் புகுந்தால், “உங்களுக்கு என்ன தெரியும்?” என்று யாரேனும் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் 2019-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் செங்கற்பட்டு தனி மாவட்டமாகும் வரை கோவளமும் மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும் எங்கள் மாவட்டத்து ஊர்களாகவே இருந்தன. அவ்வூர் மீனவர் ஒருவர் ஆட்சித் தலைவரிடம் மனுக் கொடுக்க வேண்டுமானால் பேருந்து ஏறிக் காஞ்சிபுரத்துக்குத்தான் வந்தாக வேண்டும். எங்கள் ஊர் ஓரமாகப் போகும் பாலாறும் வயலூர் அருகே அந்தக் கடலில்தான் போய்ச் சேருகிறது. தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் நம் பள்ளியில் உண்டியல் வகுப்பு வகுப்பாகச் சுற்றி வருகிறது. நாமும் மிட்டாய்க் காசைப் போடுகிறோம். பெற்றோர் பெரிய தாளாகப் போடுகிறார்கள். அந்தப் பணம் கடற்கரைக்குப் போய் என்னவாக மாறவேண்டும் என்பதைப் பற்றி மட்டும் யாரும் நம்மிடம் கேட்பதில்லை, நாமும் கேட்டதில்லை. எங்கள் வகுப்பில் இதைப் பற்றி மூன்று வாரம் வாதம் நடந்தது. வாதத்தின் முடிவில் பெரும்பாலோர் ஒத்துக்கொண்ட கருத்தையே இங்கே எழுதுகிறோம். மீனவர்க்கு உதவி என்றாலே படகும் வலையும் என்றுதான் உலகம் எண்ணுகிறது. கரையில் நின்று அந்த மீனை வாங்கி விற்கும் பெண்ணுக்கும் ஒரு தொழில் உண்டு, அதற்கும் முதல் உண்டு, அந்த முதலும் அலையோடு போகும் என்பதை எண்ணுவோர் மிகச் சிலரே.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் யாரும் அன்று பிறந்திருக்கவில்லை. ஆகவே சொல்லக் கேட்டதையும் படித்ததையும் கொண்டே எழுதுகிறோம். காலை ஆறரை மணிக்குச் சுமத்திரா தீவருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் கழித்து அலை நம் கரைக்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு சொல் கூட நம் மீனவர்க்கு எட்டவில்லை. எச்சரிக்கை செய்யும் நிலையம் ஐதராபாத்தில் அமைந்தது 2007-இல்தான். பல நாடுகளில் சேர்ந்து ஏறத்தாழ 2,30,000 பேர் மாண்டனர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர். அதில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். நாகையை அடுத்த அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் பட்ட பாட்டைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் கொண்டாட வந்திருந்த திருப்பயணிகள் கடற்கரையில் நின்ற வண்ணமே போனார்கள். எங்கள் மாவட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

மாமல்லபுரத்தில் அலை மணலை வாரிக்கொண்டு போனபோது பழைய கற்சிற்பங்கள் வெளிப்பட்டன. தொல்லியல் துறையினர் 2005-இல் வந்து அகழ்ந்தார்கள். வரலாற்றுப் பாடத்தில் விருப்பமுள்ள எங்களுக்கு அது மகிழ்ச்சியான செய்திதான். ஆயினும் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினால் கல்லில் செய்த சிங்கத்துக்குக் கிடைத்த இடத்தில் பாதிகூட அதே கரையில் மீன் விற்ற பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

உதவி வந்தது. வராமல் இல்லை. அரசு கொடுத்தது, திருச்சபை கொடுத்தது, நாம் பெயர் கேட்டிராத நாடுகளிலிருந்தும் வந்தது. வந்தவர்கள் எல்லாருமே ஏறத்தாழ ஒரே பொருளைக் கொடுக்க விரும்பினார்கள். அது கண்ணாடியிழையாலான ஃபைபர் படகு. பளபளவென்று வண்ணம் பூசி, பக்கத்தில் கொடுத்தவர் பெயரை எழுதி, கரையில் வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுத்தால் அழகாகத்தான் இருக்கும். பல ஊர்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைக் காட்டிலும் அதிகமான படகுகள் சேர்ந்துவிட்டன. சில படகுகள் அவசரத்தில் செய்யப்பட்டு ஓரிரு ஆண்டுகளிலேயே விரிசல் கண்டன. இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியிலும் இலங்கையிலும் இதே கதை நடந்ததாகப் படித்தோம். கொடுத்தவர்களின் மனத்தை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் கேட்டிருக்கலாம்.

எதைக் கேட்டிருக்கலாம் என்பதைப் புரிந்துகொள்ளக் கட்டுமரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுமரம் என்பது பெயருக்கேற்பக் கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியதே. இரண்டு மூன்று பேர் போதும். அதைத் தங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள மணலிலிருந்தே தள்ளலாம். அதே மணலில் வந்து ஏறலாம். எண்ணெய்ச் செலவு இல்லை. கிடைக்கும் மீன் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைக் கரையில் காத்திருக்கும் மனைவியோ அண்டை வீட்டுப் பெண்ணோ வாங்கிக் கூடையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஃபைபர் படகு அப்படியன்று. நான்கைந்து பேர் வேண்டும், எஞ்சின் வேண்டும், நாள்தோறும் எண்ணெய் வேண்டும். எண்ணெய்க்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், பிடித்த மீனை அவருக்கே கொடுத்தாக வேண்டும். மீன் கூடுதலாக வரும் இடத்தில் லாரி வந்து நிற்கும், ஐஸ் வந்து நிற்கும், பெரிய கையாகப் பார்த்து ஏலம் போகும். முந்நூறு ரூபாயைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணால் அந்த ஏலத்தில் வாய் திறக்க முடியாது. தன் கணவன் பிடித்த மீனையே அவள் தூரத்தில் நின்று பார்க்கும் நிலை பல ஊர்களில் வந்தது. இதைப் படித்தபோதுதான் எங்கள் வகுப்பில் வாதமே சூடு பிடித்தது. வீட்டுக்கு ஒரு படகு வந்த பிறகு, அந்த வீட்டில் ஒருத்தியின் தொழில் போயிருக்கிறது!

எங்கள் தோழி ஒருத்தியின் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஆயா ஒருவர் உண்டு. சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். சுனாமியின்போது அங்கே இருந்தவர். அவரிடம், “உங்களுக்கு என்ன நஷ்டம் ஆயிற்று?” என்று கேட்டோம். மீனை அரிந்துகொண்டே சொன்னார்.

“ரெண்டு அன்னக்கூடை, ஒரு தராசு, அருவாமணை. சுருக்குப்பையில ரெண்டாயிரம் ரூபா. அதெல்லாம் கூட போவட்டும் கண்ணு. பாக்கி இருக்குதே பாக்கி, அது போச்சு.”

எங்களுக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். கடலிலிருந்து எட்டுப் பத்து ஊர் தள்ளிக் கூடை சுமந்து போய் வீடு வீடாக விற்றவர் அவர். வாங்குவோரில் பாதிப் பேர் உடனே காசு கொடுப்பதில்லை. சம்பளம் வந்தால் கொடுப்பார்கள், நெல் விற்றால் கொடுப்பார்கள். எந்தத் தெருவில் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது முழுவதும் அவர் தலைக்குள்ளேயே இருந்தது; எழுத்தில் ஒரு வரி இல்லை. அலைக்குப் பின் நான்கு மாதம் அவரால் அந்த ஊர்களுக்குப் போக முடியவில்லை. போனபோது சிலர் கொடுத்தார்கள். சிலர், “எப்போ வாங்கினது?” என்று கேட்டார்கள். சிலர் வேறு ஆளிடம் மீன் வாங்கப் பழகிவிட்டார்கள்.

“வீட்டுக்காரர் பேர்ல வலை வந்துச்சு. நல்ல வலைதான். என் கூடைக்கு ஆரு பாப்பா வந்து கணக்கு எழுதுனா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. செதிளை உதறிவிட்டு அடுத்த மீனை எடுத்துக்கொண்டார்.

மீன் விற்கும் பெண்ணின் முதல் என்பது இத்தனை வகை என்று எந்தப் பாடநூலும் எங்களுக்குச் சொல்லவில்லை. கையில் இருக்கும் ரொக்கம் ஒன்று. ஏலக்காரர் அவள்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை ஒன்று. ஊர்ப் பெண்கள் அவளிடம் வைத்திருக்கும் வாடிக்கை ஒன்று. இவை எவற்றையும் புகைப்படம் எடுக்க முடியாது. இவை போனபின் மீண்டும் தொடங்க வேண்டுமென்றால் தண்டல்காரரிடம்தான் போக வேண்டும். தண்டல் என்பது காலையில் ஆயிரம் என்று எழுதிக்கொண்டு தொள்ளாயிரத்தைக் கையில் கொடுத்து, நாள்தோறும் வந்து ஆயிரத்தையும் வசூலிக்கும் கடன். கணக்கு ஆசிரியை எங்களுக்குத் தனிவட்டி சொல்லிக் கொடுக்கும்போது இந்த உதாரணத்தைக் கொடுத்தால் ஒருவரும் மறக்கமாட்டோம்.

உதவிப் பட்டியலில் பெண்கள் விடுபட்டதற்குக் கெட்ட எண்ணம் காரணமில்லை. பட்டியல் எழுதிய முறையே காரணம். படகுக்குப் பதிவு உண்டு. கூடைக்குப் பதிவு இல்லை. குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வரி கட்டும் தலைக்கட்டு என்று ஒரு கணக்கு உண்டு. பல ஊர்களில் வந்த பொருளை அந்தக் கணக்குப்படியே பங்கிட்டார்கள். அது நேர்மையான முறைதான். ஒரு வீட்டுக்கு அதிகம், ஒரு வீட்டுக்குக் குறைவு என்ற சண்டையை அது தவிர்த்தது. ஆனால் தலைக்கட்டு என்றால் ஆண். கணவனை இழந்தவள், கணவன் விட்டுப்போனவள், மணமாகாமல் தாயோடு இருப்பவள் ஆகியோர் அந்தக் கணக்கில் எங்கே வருவார்கள்? அதே அலையில் கணவனையும் கூடையையும் ஒருசேர இழந்த பெண்ணுக்கு, கணவன் இறந்ததற்குத் தொகை உண்டு, கூடை போனதற்கு இல்லை.

இது கடற்கரையில் மட்டும் நடப்பதன்று. எங்கள் ஊரிலேயே நடப்பதுதான். எங்கள் வகுப்பில் தறி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் பலர் உண்டு. பிள்ளையார்பாளையத்திலிருந்து மட்டும் ஏழு பேர். காஞ்சிபுரத்துத் தறி பெரும்பாலும் குழித்தறி. நெய்பவர் காலைக் குழிக்குள் விட்டுத்தான் உட்கார வேண்டும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறினால் வேலை நின்றுவிடும். பட்டுப் பாவு ஈரத்தில் கெட்டால் சேலையே போயிற்று. 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மழையில் பல வீடுகளில் அப்படித்தான் ஆயிற்று. நாங்கள் அப்போது ஐந்து வயதுப் பிள்ளைகள்; கட்டிலின்மேல் உட்கார வைக்கப்பட்டது மட்டும் நினைவிருக்கிறது. எங்கள் தோழியின் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் தறி எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். அந்த வீட்டில் தார் சுற்றுபவர் பாட்டி. கோர்வைச் சேலையில் கரைப்பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுப்பவர் அம்மா. அவர்கள் இருவரும் இல்லையென்றால் அப்பா தறியில் உட்கார்ந்து என்ன செய்வார்? உடலும் கரையும் இரு நிறமாக நெய்து இணைக்கும் கோர்வையை ஒருவரே நெய்வது பெரும்பாடு என்பது காஞ்சிபுரத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நெசவாளி யார் என்று கேட்டால் அப்பா பெயரைத்தான் சொல்லுவோம். சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தார் சுற்றும் பாட்டிக்கு அடையாள அட்டை கூடக் கிடையாது.

ஆகவே பட்டு நெய்யும் ஊர்ப் பெண்கள் மீன் விற்கும் ஊர்ப் பெண்களைப் பற்றிப் பேசினால் அதைத் தூரத்திலிருந்து பேசுவதாக யாரும் எண்ணக் கூடாது.

எங்கள் கருத்துக்கு வகுப்பிலேயே எதிர்ப்பு இருந்தது. “படகு வந்தால்தான் மீன் வரும். மீன் வந்தால்தான் பெண் விற்க முடியும். எனவே முதலில் படகு, பிறகு கூடை” என்று ஒரு தோழி வாதாடினாள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 2005-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் என்ன நடந்தது? கடலுக்குப் போனவர்கள் சிலர் மீனோடு வந்தார்கள். வாங்க ஆளில்லை. கடலில் போன உடல்களை மீன் தின்றிருக்கும் என்று மக்கள் அஞ்சினார்கள். சென்னையிலும் மீன் விலை விழுந்தது. எங்கள் ஊரிலும் வீடுகளில் அப்போது சில வாரம் மீன் வாங்கவில்லை என்று பெரியவர்கள் சொல்லுகிறார்கள். படகு இருந்து, வலை இருந்து, மீனும் இருந்து, அடுப்பு எரியாத நாட்கள் அவை. அந்தச் சமயத்தில் வீடு வீடாகப் போய், “பயப்படாதீங்க அம்மா, வாங்குங்க” என்று சொல்லி மீண்டும் மீனை நம் சட்டிக்குள் கொண்டுவந்தவர்கள் யார்? கூடைக்காரப் பெண்கள்தாம். படகு கொடுத்த எந்த நிறுவனத்தாலும் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. உள்ளூர் மக்களாகிய நாம் அன்று செய்திருக்கக்கூடிய மிகப் பெரிய உதவி, பணச் செலவில்லாத உதவி, மீன் வாங்குவதுதான்.

இன்னொரு தோழி, “அந்தக் கஷ்டமான தொழில் எதற்கு? பெண்களுக்கு வேறு தொழில் கற்றுக்கொடுக்கலாமே” என்றாள். கற்றுக்கொடுத்துத்தான் பார்த்தார்கள். ஊறுகாய் போட, மெழுகுவர்த்தி செய்ய, சோப்பு செய்ய, பை தைக்க என்று கரை நெடுகப் பயிற்சி வகுப்புகள் நடந்தன. எல்லாக் குப்பத்திலும் எல்லாரும் மெழுகுவர்த்தி செய்தால் யார் வாங்குவது? மீனின் கண்ணைப் பார்த்தே எத்தனை மணிக்குப் பிடித்தது என்று சொல்லக்கூடியவளை, கருவாட்டுக்கு எத்தனை பங்கு உப்பு என்று கை அளவிலேயே அறிந்தவளை, முதல் வகுப்பில் உட்கார வைத்து மெழுகு உருக்கச் சொல்வதை நாங்கள் ஏற்கமாட்டோம். எங்கள் அம்மாவிடம் யாராவது வந்து பட்டை விட்டுவிட்டுப் பாய் பின்னு என்றால் என்ன சொல்லுவார் என்று எங்களுக்குத் தெரியும்.

வீடு விஷயத்திலும் இதே போன்ற ஒன்று உண்டு. 2005 மார்ச்சில் வந்த அரசாணைப்படி, உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தோர் அப்பால் போனால் புது வீடு கிடைக்கும். போக மறுத்தால் பழைய வீட்டைத் தாங்களே செப்பனிட்டுக்கொள்ளலாம், அரசு உதவி இல்லை. உயிரைக் காக்க எண்ணிய ஆணை. அதைத் தவறு என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. ஆனால் கருவாடு காயவைக்கும் மணல் வீட்டு வாசலில் இருந்தவளுக்கு, இப்போது கருவாடு ஓரிடத்தில், வீடு ஓரிடத்தில். நாயையும் காக்கையையும் ஓட்டவே ஒரு ஆள் வேண்டும். வீட்டின் வரைபடம் போட்டவர்களில் ஒருவராவது, “அம்மா, மீன் எங்கே காயவைப்பீர்கள்?” என்று கேட்டார்களா?

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலையும் சொல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய கத்தோலிக்க ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் வீதம் தமிழக அரசு கொடுத்தது. அது பெரிய தொகை, கிடைத்ததற்கு நன்றி. ஆயினும் முப்பது வயதில் கணவனை இழந்து, சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவளுக்குத் தொகை வேறு, தொழில் வேறு. தொகை நாளடைவில் கரையும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் கரையில் ஏறியபோதும் படகுகளின் எண்ணிக்கைதான் முதலில் வெளிவந்தது.

நம் திருச்சபைக்கு இந்தக் கரை புதியதன்று. புனித சவேரியார் 1542-இல் இந்தியா வந்ததும் முத்துக்குளித்துறைப் பரதவரிடம்தான் போனார். இயேசு பிரானின் முதற்சீடர்களான இராயப்பரும் பெலவேந்திரரும் யாகப்பரும் அருளப்பரும் மீனவர்களே என்பதை ஒவ்வொரு மறைக்கல்வி வகுப்பிலும் கேட்கிறோம். அருளப்பர் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருக்கிறார். ஆயினும் சீடர்கள் கரையேறியதும், அவர்கள் பிடித்த மீனிலும் சில கொண்டுவரச் சொல்லுகிறார். அவரிடம் மீன் ஏற்கெனவே இருந்தது. பின் ஏன் கேட்டார் என்று எங்கள் சகோதரியிடம் கேட்டோம். “அவர்களுடைய உழைப்பும் அந்தச் சாப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்” என்றார். உதவி செய்வோர் அனைவரும் இந்தப் பகுதியைப் படித்துவிட்டுக் கிளம்பினால் நல்லது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

வழி தெரியாமலும் இல்லை. கேரளத்தில் திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாடு என்ற கத்தோலிக்க மீனவ ஊரில், மீனவர்கள் சங்கம் அமைத்துத் தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட்டு வியாபாரியின் பிடியிலிருந்து வெளியே வந்தார்கள். அந்த வழியில் வந்த சங்கங்கள் சேர்ந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. கன்னியாகுமரிக் கரையிலும் அது பரவியது. அதே ஆண்டுகளை ஒட்டித் திருவனந்தபுரம் மாவட்டத்தில் மீன் விற்கும் பெண்கள், பேருந்தில் தங்களை ஏற்ற மறுத்ததை எதிர்த்துப் போராடித் தங்களுக்கெனத் தனிப் பேருந்து பெற்றார்கள். 1984-இல் அங்கே மீனவர் உரிமைக்காக நடந்த போராட்டத்தில் கன்னியர் சிலர் உண்ணாநோன்பு இருந்தார்கள். நம் சகோதரிகள் வகுப்பில் இதைச் சொல்லாதது ஏனோ தெரியவில்லை, அடக்கமாக இருக்கலாம்.

பேருந்து என்றதும் ஒன்று. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய முதியவள் ஒருத்தியை, நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்டதை நாடே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணி நீக்கி வைக்கப்பட்டனர். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்த அதே ஆண்டில் இது நடந்தது. டிக்கெட் இலவசம், கூடைக்கு இடமில்லை! மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் குருக்களிடம் பேசும்போது, மேய்ப்பர்கள் மேல் ஆடுகளின் வாடை வீச வேண்டும் என்ற பொருளில் சொன்னார். நம் கரைக்கு அதை மாற்றிச் சொன்னால் மீன் வாடை என்றுதான் வரும்.

சரி, நாங்கள் என்னதான் கேட்கிறோம்? அரசில் மீனவ மகளிருக்கென்று கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு, சேமிப்பு நிவாரணத் திட்டமும் உண்டு. அவை இருப்பது நல்லது. பேரிடர் வந்த முதல் வாரத்திலேயே அந்தச் சங்கத்தின் பெயர்ப் பட்டியலையும் படகுப் பட்டியலோடு சேர்த்து மேசைமேல் வைக்க வேண்டும். சங்கத்தில் சேராதவர்களைத் தேடிப் போய் எழுத வேண்டும். காஞ்சிபுரத்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் நெசவாளிக்குப் பட்டும் சரிகையும் கொடுத்து, சேலையை வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பதால், மூலப்பொருளுக்காக அவர் கடன்காரர் வாசலில் நிற்க வேண்டியதில்லை. அதேபோல் கூடைக்காரப் பெண்ணுக்குக் காலையில் ஏலத்துக்குப் பணம், மாலையில் திருப்பிக் கட்ட வசதி, வட்டி மிகக் குறைவாக ஒரு சங்கம் செய்ய முடியாதா? செய்ய முடியும் என்று எங்கள் தோழியின் தந்தை, சங்கத்தில் கணக்கு எழுதுபவர், உறுதியாகச் சொல்லுகிறார். ஒரு படகுக்கு ஆகும் செலவில் எத்தனையோ பெண்கள் மீண்டும் ஏலத்துக்கு வந்துவிடலாம்.

பெற்றோரில் அரசு அலுவலகங்களில் பணியாற்றுவோர் பலர் இந்த மலரைப் படிப்பீர்கள். கணக்கெடுப்புத் தாளில், “குடும்பத்தில் யார் யார் என்னென்ன வேலை செய்கிறார்கள்” என்று ஒரு பத்தி சேர்ப்பது உங்கள் கையில்கூட இருக்கலாம். தாய்மார்கள் தெருவுக்கு வரும் மீன்காரியிடம் பாக்கி வைத்திருந்தால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அடுத்த புயல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

நம் பள்ளி உண்டியலைப் பற்றித் தலைமை ஆசிரியை அம்மையாரிடம் எங்கள் வகுப்பு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறது. அடுத்த முறை கடற்கரைக்கென்று சேரும் பணத்தில் பாதியையாவது மீன் விற்கும் பெண்களின் ஏல முதலுக்கும், ஐஸ் பெட்டிக்கும், கருவாடு காயவைக்கும் மேடைக்கும் ஒதுக்க வேண்டும். எவ்வளவு, எதற்கு என்பதை நாம் இங்கே உட்கார்ந்து முடிவு செய்யாமல், அந்தக் கரையில் மீன் விற்கும் பெண்கள் இருவரையாவது அழைத்துக் கேட்க வேண்டும். அழைக்கும்போது அவர்கள் வந்து போகும் செலவையும், அன்றைய வியாபாரம் போவதற்கு ஈட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சதுரங்கப்பட்டினத்து ஆயாவிடம் கேட்டோம். ஞாயிறு, புதன் தவிர எந்த நாளும் வர முடியும் என்று சொல்லியிருக்கிறார். அவ்விரு நாட்களும் மீன் நன்றாகப் போகுமாம்.